சாணைக்குப் போன கத்தரிக்கோல்

அந்தத் தெருவில் அவளை அளவுக்காரி என்பார்கள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில், டேப்பைத் தொடாமலே, தோள் இவ்வளவு இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அப்புறம் டேப்பை வைத்துப் பார்த்தால் நூலிழை பிசகியிருக்காது. வெட்டு மேசையில் துணியை விரித்து, சாக்பீஸால் நாலு கோடு இழுத்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாளானால் ஒரே ஓட்டம்தான். நடுவில் நிறுத்தமாட்டாள்.

அவள் புருஷனுக்கு அதே கடையில் பொத்தான் வேலை. பொத்தானுக்கு ஓட்டை எடுத்துத் தைப்பதை அந்தத் தொழிலில் காஜா எடுப்பது என்பார்கள். அதனால் அவர் காஜாக்காரர். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு முன்னறைதான். நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு மெஷின், வெட்டு மேசை, இஸ்திரி மேசை. அந்தப் பக்கம் அடுப்பும் கட்டிலும்.

இப்படிக் கைவேலை தெரிந்தவளுக்கு, குடிக்காத புருஷன் வாய்த்தவளுக்கு, என்ன குறை வந்தது என்று கேட்காதீர்கள். ஊரே கேட்டு அலுத்த கேள்வி அது. குறை இருந்தால்தான் நோய் வருமா? தப்பு செய்தவன் வீட்டுக் கூரை மட்டுமா மழைக்கு ஒழுகுகிறது?

முதலில் வந்தது பயம். அவள் பாவாடை கட்டின வயசிலேயே வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி பாதி வழி போய்த் திரும்பி வருவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், தைத்தது சரியில்லை என்று சண்டை போட யாரோ வருகிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வந்தவர் நாலு நல்ல வார்த்தை சொல்லி, துணியை வாங்கிக்கொண்டு போவார். அடிப்பு மட்டும் போகாது. "நெஞ்சுக்குள்ள மெஷின் ஓடுதுங்க. ஊசியில நூல் இல்ல, அடியில துணி இல்ல, சும்மா ஓடுது" என்பாள் புருஷனிடம். அவர் என்ன செய்வார், பாவம். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

பயம் வெகுகாலம் குடியிருந்த வீட்டுக்கு, அதன் பின்னாலேயே மனசுப் பாரமும் வந்து சேர்ந்தது. சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். தலை வாரமாட்டாள். சாப்பாடு வாயில் பஞ்சுபோல் கிடக்கும். அழக்கூட மாட்டாள், அதுதான் பார்க்கச் சகிக்காது. சில மாதம் இருக்கும், போய்விடும். அப்பாடா என்று மூச்சு விட்டு முடிப்பதற்குள் திரும்பி வரும். சொல்லாமல் வருகிற விருந்தாளி மாதிரி, பெட்டி படுக்கையோடு.

அடுத்த தெருவில் நாத்தனார் இருந்தாள், காஜாக்காரருக்கு மூத்தவள். அவள் வாய் அளவெடுக்க டேப் கிடையாது.

"ஏன்டி, எனக்கும்தான் முட்டி வலி, இடுப்பு வலி. நான் படுத்தேனா? நாலு வீட்டு வேலை செஞ்சா மனசாவது, பாரமாவது!"

"சரி அண்ணி" என்பாள் அளவுக்காரி, சுவரைப் பார்த்தபடியே.

"சரின்னு சொல்றா பாரு! ஒரு சண்டைக்குக்கூட ஆகாதவளை வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் செய்ய?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் பகல். காஜாக்காரர் ஒரு பொத்தானை உதட்டில் கவ்விக்கொண்டு இன்னொன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். அளவுக்காரி மேசையோரம் நின்று, அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்: "என்னங்க, நான் இல்லாமப் போயிட்டா உங்க எல்லாருக்கும் பாரம் குறையும்னு தோணுது. தினமும் தோணுது."

உதட்டிலிருந்த பொத்தானை அவர் விழுங்கிவிட்டார்.

அன்றைக்கே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கத்தரிக்கோல், பிளேடு, அடுப்படிக் கத்தி எல்லாவற்றையும் பழைய மெஷின் பெட்டியில் போட்டுப் பூட்டியதுதான். சாவியை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். பூட்டினது சரிதான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அவள் கேட்டபோது உள்ளதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கத்தரிக்கோலா? சாணை பிடிக்கக் குடுத்திருக்கேன்."

அடுத்த வாரம் கேட்டாள். சாணைக்குப் போயிருக்கிறது. அடுத்த மாதம் கேட்டாள். இன்னும் வரவில்லை. அடுப்படிக் கத்தியும் கூடவே சாணைக்குப் போயிருந்தது. தையல் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்கள். காய்கறியை நாத்தனார் தன் வீட்டில் நறுக்கி, டப்பாவில் போட்டுத் தினமும் கொண்டுவந்தாள். கொண்டுவரும்போது ஒரு வசவு, கொடுக்கும்போது ஒரு வசவு. ஆனால் ஒருநாளும் கொண்டுவராமல் இருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"எந்த ஊர்லடா சாணை பிடிக்கிறாங்க, கப்பல் ஏத்தி அனுப்பினியா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"அக்கா, வாயை மூடு."

திரைக்கு அந்தப் பக்கம் அளவுக்காரிக்கு எல்லாம் கேட்டது. நடந்தது அவளுக்கு முதல் நாளே தெரியும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டதில் அவளுக்குக் கோபமில்லை. தன்னிடம் அது இருக்கக் கூடாது என்று அவளுக்கே சில நேரம் தோன்றியது. பொய்தான் உள்ளே அறுத்தது. செத்தவளிடம்தான் யாரும் நிஜம் சொல்லத் தேவையில்லை. நான் இன்னும் சாகவில்லையே என்று நினைத்துக்கொண்டு கிடந்தாள். என்றைக்காவது இந்த மனுஷன் நிஜத்தைச் சொல்லி அந்தக் கத்தரிக்கோலை என் கையில் கொடுப்பாரா? அது ஒன்றுதான் அவள் வேண்டியது. கொடுத்துவிட்டால், அவள் திரும்பி வந்துவிட்டதாக அர்த்தம்.

அதற்குள் கடை என்ன ஆயிற்று என்றால், வெட்டுகிற வேலையைக் காஜாக்காரரே செய்தார். பக்கத்துக் கடையில் இரவல் கத்தரிக்கோல் வாங்கி, வாசலில் நின்றே வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பொத்தான் தைக்கிறவனுக்கு வெட்டு வருமா? சட்டைக் கை வெட்டும்போது துணியை இரண்டாக மடித்து வெட்டினால் ஒன்று இடது, ஒன்று வலது என்று ஜோடியாக வரும். இவர் மடிக்காமல், அதே காகித அச்சை அதே பக்கமாக இரண்டு தரம் வைத்து வெட்டிவிட்டார். டீச்சர் ஒருத்தி தைக்கக் கொடுத்த சட்டை அது. மாட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"காஜாக்காரரே, நல்லாப் பாருங்க. எனக்கு எத்தனை இடது கை?"

"ஒண்ணுதான் டீச்சர்."

"உங்க சட்டைக்கு ரெண்டு! இதைப் போட்டுக்கிட்டு நான் போர்டுல எழுதினா பிள்ளைங்க என்ன நினைக்கும்? டீச்சர் முதுகுப் பக்கமா எழுதுறாங்கன்னு நினைக்காதா?"

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிரிப்பு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்ததால், துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி வந்தது. திரையை விலக்கிக்கொண்டு அளவுக்காரி வந்தாள், தலை சிக்குப் பிடித்து, கசங்கின உடுப்போடு. டீச்சரின் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"தோள் ஒரு விரல் எறங்கியிருக்கு. மெலிஞ்சுட்டீங்க டீச்சர்."

"யாரு, நானு? நீ கண்ணாடி பார்த்து எத்தனை நாளாச்சு?"

"அதை விடுங்க. மிச்சத் துணி இருக்குல்ல? வேற கை வெட்டித் தர்றேன்." புருஷன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "கத்தரிக்கோல் குடுங்க."

காஜாக்காரர் தரையைப் பார்த்தார். "சாணைக்குப் போயிருக்கும்மா" என்றார்.

நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவள் திரைக்குப் பின்னால் போனாள். அன்றைக்குத்தான் அழுதாள், அத்தனை மாதத்து அழுகையையும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளே சொன்னாள்: "டாக்டரம்மா, எங்க வீட்டுக் கத்தரிக்கோல் அஞ்சு மாசமா சாணைக்குப் போயிருக்கு."

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். அவர் சட்டைக்குள்ளிருந்து சாவியை வெளியே எடுத்தார். நூல் வேர்வையில் கறுத்திருந்தது.

"பூட்டினது நல்ல காரியம். இன்னும் கொஞ்ச நாள் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா பூட்டுறது வேற, ஒளிக்கிறது வேற. எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். வேலைக்குக் கேட்டா எடுத்துக் குடுங்க, பக்கத்துலயே இருங்க, முடிஞ்சதும் வாங்கிப் பூட்டுங்க." பிறகு அவளிடம்: "கெட்ட எண்ணம் வந்தா நீங்க அவர்கிட்ட சொல்லணும். சொல்வீங்களா?"

"வாய் வருமான்னு தெரியல டாக்டரம்மா."

"அன்னைக்குச் சொன்னீங்களே. அதே வாய்தானே?"

பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். பாதி வழியில் அவள்தான் கேட்டாள்.

"அந்தப் பட்டன் வந்துச்சா?"

"எந்தப் பட்டன்?"

"அன்னைக்கு முழுங்கினீங்களே."

"நான் கவனிக்கல."

"நீல சட்டைக்கு ஒரு பட்டன் குறைஞ்சுச்சு. நான்தான் வேற தேடித் தச்சேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று பார்க்க அவள் எட்டிப் பார்க்கவில்லை. "சாணைக்குப் போகலம்மா" என்றார், ஜன்னலைப் பார்த்தே.

"தெரியும்."

மறுநாள் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலைக் கொடுத்தார். அவள் டீச்சரின் துணியை மடித்துப் போட்டு, கோடு இழுத்தாள். அழித்தாள். இழுத்தாள். துணி முழுக்க வெள்ளைப் பொடி. அவர் எதிரில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கறுப்பையும் கருநீலத்தையும் ஒரே டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார் என்பது வேறு. கடைசியில் கத்தரிக்கோல் மேசையில் உரசுகிற சத்தம் கேட்டது. பழைய ஓட்டம் இல்லை. நின்று நின்று, கட்டை வண்டி மேடேறுகிற மாதிரி. ஆனால் இடது ஒன்று, வலது ஒன்று என்று ஜோடியாக வந்தது.

அதற்குப் பிறகு நல்ல காலம் ஒன்று வந்தது, பொய் சொல்லக் கூடாது. தலை வாரினாள். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று குறை சொன்னாள். டாக்டரம்மாவே இனிப் பூட்ட வேண்டியதில்லை என்றதும், கத்தரிக்கோல் பழையபடி மேசையோர ஆணிக்கு வந்தது. டீச்சர் குளிர்காலக் கோட்டுக்குக் கனத்த துணி கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் டப்பாவை நிறுத்திவிட்டு, "எழுந்து நடமாடினா சரியாயிடும்னு நான் அன்னைக்கே சொல்லல? இனிமே எதுக்குடி மாத்திரை?" என்றாள். அளவுக்காரி அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை.

விடாமல்தான் சாப்பிட்டாள். இருந்தும் வந்தது.

கோட்டுக்கு ஒரு கை தைத்து ஏற்றியாகிவிட்டது, இன்னொரு கை வெட்ட வேண்டும். காலையில் எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். கண் நேரே ஆணிக்குப் போனது. வேறு பக்கம் திருப்பினாள். திரும்பவும் அங்கேயே போனது. போய் அதை எடுத்தாள்.

காஜாக்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அவள் அவரை நோக்கி நடந்து வந்தாள். முனையைத் தன் உள்ளங்கையில் பிடித்து, பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள். தொழில்காரர்கள் கத்தரிக்கோலை அப்படித்தான் கொடுப்பார்கள்.

"என்னங்க, துணி தீயுது."

அவர் பெட்டியைத் தூக்கி வைத்தார். யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் பெட்டியின் உருவம் அப்படியே பழுப்பாக விழுந்திருந்தது.

"இதை வாங்கிப் பூட்டுங்க. இது இன்னைக்கு என் கண்ணுல பட வேண்டாம்."

வாங்கினார். "யாராவது கேட்டா, சாணைக்குப் போயிருக்குன்னு..."

"யார்கிட்ட வேணா சொல்லுங்க. என்கிட்ட சொல்லாதீங்க."

கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா மாத்திரையை மாற்றினாள். மாற்றினது பிடிக்கக் கொஞ்ச நாளாகும் என்றாள். இந்தத் தரம் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துப் பூட்டச் சொன்னீர்கள், போன தரத்துக்கு இது மேல் என்றாள். அளவுக்காரிக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நாத்தனார் டப்பாவோடு வந்தாள். கட்டிலருகே நின்றாள், வாயைத் திறந்தாள், மூடினாள். "கேரட்டைச் சன்னமா நறுக்கியிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயில் வசவில்லாமல் வந்த முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். டீச்சர் வந்து, ஒற்றைக் கையோடு தொங்கிய கோட்டைப் பார்த்தாள். காஜாக்காரர் வேறு கடைக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? குளிர் அடுத்த வருஷமும் வரும்" என்றாள்.

கோட்டு இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. காஜாக்காரர் வாரம் ஒருதரம் பெட்டியைத் திறந்து, கத்தரிக்கோலுக்கு மெஷின் எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். சாவி திரும்புகிற சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும். எண்ணெய் வாடையும் போகும். போன வாரம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"துருப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்க விடமாட்டேன்."

அவர் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள்.

"நான் கேக்கலையேம்மா."

"நான் சொல்றேன். இன்னைக்கு வேண்டாம். நாளைக்கும் வேண்டாம்னுதான் நினைக்கிறேன்."

"சரி."

"அதுக்கப்புறம் கேக்குறேன்."

அவர் பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, பொத்தான் டப்பாவை இழுத்து வைத்தார்.