நூற்றில் எட்டுப் பேர்

மூன்று அங்குலம் தைத்ததும் மெஷினை விட்டு எழுந்துவிடுகிறாள் சிபானா. வாசல்வரை போய், எதிரே கிடக்கும் களப்பு நீரைப் பார்க்கிறாள். திரும்பி வந்து இன்னும் மூன்று அங்குலம். கற்பிட்டி வீதியில் அபாயா தைப்பவர்களில் அவள் கைதான் நேர்த்தி. என்னோடு பள்ளியில் படித்தவள்.

“முந்தி இப்பிடி இல்ல,” என்கிறார் கணவர் அஸ்மி. உப்பு லொறி ஓட்டுபவர்.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு மார்பில் சிறு கட்டி. பரவுமுன்பே வெட்டி எடுத்தாயிற்று. நிம்மதி போனது அதற்குப் பிறகுதான். கட்டியின் அளவு, வகை, அவள் வயது எல்லாவற்றையும் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்த டொக்டர் சொன்னார்: இவளைப் போன்ற நூறு பேர் தினமும் குளிசை மாத்திரை மட்டும் குடித்தால், பத்து வருடத்துக்குள் எட்டுப் பேருக்கு நோய் திரும்பலாம். கீமோவும் ஏற்றினால் ஏழு பேராகக் குறையலாம். ஏற்றுவதா இல்லையா என்பதை அவளே முடிவெடுக்க வேண்டும்.

“அந்த எட்டுப் பேருல நானும் ஒராளா டொக்டர்?”

“அத ஆராலயும் சொல்ல ஏலாது.”

“டொக்டர் பொய் சொல்லல்ல பாத்தியா,” என்று அதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

அஸ்மிக்கு அந்தப் பதில் போதவில்லை. “ஒராள் தப்புதெண்டா அது நீயா இருக்கலாந்தானே? ஏத்து.”

“மத்த தொண்ணூத்தொம்பது பேரும் சும்மா கெடந்து முடி கொட்டி, சத்தி எடுக்கிறதா?”

பதினொரு நாள் வாக்குவாதம். கடைசியில் கீமோ வேண்டாமென்று கையெழுத்துப் போட்டாள். அஸ்மி ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் லொறி எங்கே நின்றாலும் காலையில் போன் வரும்: “போட்டியா?” குளிசையைத்தான். பதில் கேட்டதும் வைத்துவிடுவார்.

இரண்டு வருடமாகிறது. இருமினால், இடுப்பு உளைந்தால், அன்றைக்குத் தையல் இல்லை. “பஸ்ஸுல அம்பது பேர் இருந்தா நாலு பேர். ஆர் ஆரெண்டு பாத்துக்கொண்டே போவன்,” என்று சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்து முடிவதற்குள் எழுந்துவிடுகிறாள்.

போன மாதம் வருடாந்தப் பரிசோதனையின் முடிவு கேட்க நானும் கூடப் போனேன். அஸ்மி அறைக்குள் வராமல் டீக் கடைப் பக்கம் போய்விட்டார். ஸ்கேன் படத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் நல்லாயிருக்கிறது என்றார் டொக்டர்.

“அப்ப இப்ப எத்தின பேர்?” என்றாள் சிபானா.

அவர் சிரித்தார். “குளிசைய விடாதீங்க. அடுத்த வருஷம் வாங்க.”

வெளியே அஸ்மி ஆறிப்போன பிளேன்டீயோடு நின்றார். பாதி சட்டையில் சிந்தியிருந்தது. அவள் முகத்தையே பார்த்தார். சிபானா அந்தக் கோப்பையைப் பறித்து, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள்.