உள்ளே விழும் மூடி

அந்த வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு மூடி.

வீட்டுக்காரர் தச்சர். அவர் பொருத்திய கதவின் இடுக்கில் ஒரு தாள்கூட நுழையாது, அப்படிப்பட்ட கை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் பதற்றத்தைக் காதில் வாங்கிவிட்டு வருகிறவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். ஜப்பான் பாணிச் சாமான்கள் விற்கும் கடைக்கு எப்போதாவது போய் எதையாவது வாங்கி வருவாள். கரண்டியைச் சாய்த்து வைக்க ஒரு பீங்கான் மீன். நான்கு முனையையும் முடிச்சுப் போட்டால் பையாகிவிடும் சதுரத் துணி. இஞ்சி துருவ, முள் முள்ளாக மேடு வைத்த குட்டித் தட்டு. எல்லாம் உழைக்கிற சாமான். பார்த்தாலே மனசு குளிரும். கழுவும்போது அந்த மீனோடு அவள் பேசுவதை மகள் ஒளிந்திருந்து கேட்டிருக்கிறாள்.

மூன்று நாளுக்கு முன் ஒரு மரமூடி வந்தது. தச்சர் அதைப் பாத்திரத்தின் மேல் வைத்துப் பார்த்தார். தொபுக்கென்று உள்ளே விழுந்தது. அவருடைய அக்கா வேறு வந்திருந்த நேரம்.

"உள்ள விழற மூடியை வித்தவன் கெட்டிக்காரன். அதைப் போய் வாங்கினவங்களை என்னன்னு சொல்றது?" என்றார்.

அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எல்லாம் மகள் வழியாகத்தான். சாப்பாடு ஆறுகிறது என்று மகள் வந்து சொல்வாள். உப்பு குறைவு என்று மகள் போய்ச் சொல்வாள். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் அவர் இப்படி ஒரு மௌனத்தைக் கண்டதில்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இதற்கு என்ன செய்வது? பட்டறையில் கை ஓடவில்லை. எப்படியாவது அவளைப் பேச வைத்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள் அந்த மூடியைப் பட்டறைக்கு எடுத்துப்போனார். சுற்றிலும் ஒரு மரவளையம் பொருத்தி, பசை போட்டு ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தார். ஒட்டு எங்கே என்று விரலுக்கே தெரியாது. பாத்திரத்தின் மேல் அச்சாக உட்கார்ந்தது. அடுப்போரம் வைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி கதவருகே நின்றார்.

அவள் வந்தாள். பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

பேசிவிட்டாள்! ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்து அவர் உச்சி குளிர்ந்து போனார். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"அது உள்ள விழத்தான் வேணும். கிழங்கு மேலேயே உட்கார்ந்து அமுக்கிப் பிடிக்கும். கொஞ்சத் தண்ணியிலயே சமமா வேகும், உடையாது."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல விட்டீங்களா? அக்காவும் தம்பியுமா சேர்ந்துதான் சிரிச்சீங்களே."

அவருக்குத் தலை கவிழ்ந்தது. அக்கா எதிரில் அப்படிப் பேசியது தப்புதான் என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார். வளையத்தைக் கழற்ற முயன்றார். அவர் ஒட்டியதாயிற்றே, அசைவேனா என்றது. அது அரிசி டப்பாவை மூடப் போயிற்று.

புது மூடி செய்யப் பலகையை எடுத்தார். பொருந்தாத ஒன்றை வேண்டுமென்றே செய்வது அவர் வாழ்நாளில் முதல் தடவை. இரண்டு முறை கை தன்னால் சரியான அளவுக்கே போய் நின்றது. மூன்றாம் முறை மனைவியே பட்டறைக்கு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இன்னும் சின்னதா."

இழைத்தார்.

"இன்னும்."

"இதுக்கு மேல இழைச்சா பொட்டுதான் மிஞ்சும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மூடி கிழங்கின் மேல் டக்டக்கென்று குதித்தது. இருவரும் பாத்திரத்துக்குள் தலையை விடாத குறையாக எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழங்கும் உடையவில்லை. அவர் சுடச்சுட ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்தக் கடைக்குத் தன்னையும் ஒருநாள் கூட்டிப்போகச் சொன்னார்.

"அங்க வந்து வாயைத் திறக்க மாட்டேன்னா கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள்.

வாய் கொள்ளாத கிழங்கோடு அவர் தலையை மட்டும் ஆட்டினார்.