கேட்கத் துணிந்த அற்புதராஜ் அண்ணன்

திங்கட்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் பள்ளியில் அசெம்பிளி முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது அற்புதராஜ் அண்ணனின் மனைவி லீலாக்காவிடமிருந்து போன் வந்தது. "அவரு போயிட்டாரு சிஸ்டர். காபி கேட்டாரு. போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள போயிட்டாரு." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் வாய் மட்டும் வழக்கம்போலப் பேசிவிட்டது: "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கக்கா. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்." அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்தி, "நீங்க மட்டும் பாக்காதீங்க. எல்லாரையும் கூப்புடுங்க. அவருக்கு அதான் புடிக்கும்," என்றார். புருஷன் இறந்து அரைமணி நேரம்கூட ஆகாத ஒரு மனுஷி என்னைத் திருத்தினார். நானும் எல்லாரையும் கூப்பிட்டேன்.

பெங்களூர் ஹெப்பகோடியில் நம் சபைக்கு வரும் யாருக்கும் அற்புதராஜை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்த அஞ்சலியில் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளியின் மூத்த மகன். சுரங்கத்தை மூடியபின் குடும்பத்தோடு இங்கே வந்து, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மரியாதைக்காக அண்ணா என்பேன், அவர் சிஸ்டர் என்பார். வாய்ச்சண்டை என்று வந்துவிட்டால் இருவருமே சளைத்தவர்கள் இல்லை.

அந்த நாளில் சபையின் கதவைத் திறப்பது, பெருக்குவது, மைக் கட்டுவது, விருந்து நாளில் பிரியாணி தேக்சாவுக்குத் தம் போடுவது எல்லாமே அவர்தான். வேறு யாரும் கைவைக்கக் கூடாது. ஒரு அறுப்பின் பண்டிகைக்கு வாலிபர் சங்கத்தார் முந்தின நாளே பந்தல் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் காலையில் கோலம் போடப் போனால், இவர் ஏணிமேல் நின்று அந்தக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார். "ஏண்ணா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன். "அவங்க கட்டுனா ஆடும் சிஸ்டர்," என்றார். பந்தல் ஆடவே இல்லை, நான் தூணைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அவரைத் தன்னலமே இல்லாத மனிதர் என்று நாம் மேடையில் சால்வை போர்த்திப் பாராட்டியது அந்த வருஷம்தான்.

பிறகு அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. நடுப்பகலிலிருந்து மூன்று மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவது நம் வழக்கம். ஐந்தாம் வார்த்தை, ஆண்டவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட வார்த்தை, அவருக்கு வந்தது. கடும் வெயில். எல்லாரும் உபவாசம். அவர் மேடையேறி, "கடல உண்டாக்குனவரு ஒரு வாய்த் தண்ணிக்கு அடுத்தவன் கைய எதிர்பாத்தாரு. யார்கிட்ட கேட்டாரு? அடிச்சவன்கிட்டயே கேட்டாரு," என்று ஆரம்பித்தார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. நாவரண்டுவிட்டது என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் எடுக்கப் போனார். அவரைக் கையமர்த்திவிட்டுச் சொன்னார்:

"எனக்குத் தண்ணி குடுக்காதீங்க. அளந்துதான் குடிக்கணும். கிட்னி ரெண்டும் போயிடுச்சி. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். யாருக்கும் சொல்லல, லீலாவையும் சொல்ல வுடல. முடிஞ்சதும் தலை சுத்த சுத்த நானே ஸ்கூட்டர் ஓட்டிக்கினு வந்துருவேன். ஆண்டவரே கேட்டாரு, நான் கேக்கல. அவர வுடப் பெரிய ஆளாயிட்டேன். நான் இத்தினி வருஷம் செஞ்சதெல்லாம் சேவைன்னு நெனச்சிகினு இருந்தேன். யாரும் எனக்கு வேணாம்ங்கறதத்தான் அப்படிச் செஞ்சிகினு இருந்திருக்கேன். அதான் என் பாவம். யாராச்சும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயி வரணும்."

பிரசங்கம் அவ்வளவுதான். இறங்கி வந்து லீலாக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து ஆறாம் வார்த்தை பேச வேண்டியவர் எழுந்திருக்கவே நேரமானது.

அன்றிலிருந்து ஆளுக்கொரு முறை அவரைக் கூட்டிப் போனோம். உதவி கேட்டுவிட்டாரே தவிர, பழைய ஆள் சும்மா இருப்பாரா? என் காரில் ஏறினால் "செகண்டு போடுங்க, லெஃப்டுல வாங்க, அந்த பஸ்ஸை வுட்டுருங்க" என்று ஓயாத உத்தரவு. ஒருநாள் ஓசூர் ரோட்டில் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். "ஒண்ணு வாயை மூடுங்க, இல்லன்னா எறங்கி நடங்க," என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "பாத்தீங்களா, கூட்டிக்கினு போங்கன்னு கேட்டாலும் ஸ்டியரிங்கு என் கையிலதான் இருக்கணும்னு தோணுது," என்றார். அதன்பிறகு என் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டங்களில் ஜெபக்குறிப்பு சொல்லும் நேரம் வருமே, அங்கும் அவர் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். நம் ஆட்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டம்மா கால்வலிக்கும் தேசத்தின் தலைவர்களுக்கும் ஜெபிக்கச் சொல்வோம். நமக்கு என்னவென்றால், "ஒரு குறையுமில்ல, ஸ்தோத்திரம்." ஒரு கூட்டத்தில் பாவம் என்றால் என்ன என்று பேச்சு வந்தது. குடி, பொய், சினிமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் கம்பெனிக் கதை ஒன்றைச் சொன்னார்: "மெஷின்ல கை போவாம இருக்க ஒரு தடுப்பு கார்டு இருக்கும். அதக் கழட்டிட்டுக் கைய வுடறவன் கெட்டவன் இல்ல. கேட்டா, 'எனக்குத் தெரியும், நான் பாத்துக்கறேன்'னுவான். பாவம்னா எனக்கு அதான். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் நடக்குற ஆக்ஸிடென்ட்டு." பிறகு, இனிமேல் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒன்றாவது கேட்க வேண்டும் என்றார். முதலில் ஒருவருமே தனக்கென்று கேட்க முன்வரவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டர் மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேசினார். பொருந்துவதற்கு வாய்ப்புள்ளவர் அற்புதராஜ் அண்ணனின் தம்பி யேசுதாஸ், தங்கவயலில் இருப்பவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன். அண்ணன் இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. "'நான்'ங்கறதுதான் பாவம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, இப்ப தம்பி கிட்னியைக் கேக்கப்போறீங்களா?" என்று கேட்டே விட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இன்றும் நான் நினைக்கவில்லை. சபையில் யாராவது அதைக் கேட்டாக வேண்டியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. "அதான் எனக்கும் புரியல சிஸ்டர். கேட்டா சுயநலம். கேக்காம செத்தா, பாரு எவ்ளோ பெரிய மனுசன்னு பேர் வாங்கறதுக்குச் செத்த மாதிரி. எந்தப் பக்கம் போனாலும் நான்தான் நடுவுல நிக்கறேன்," என்றார். இரண்டு வாரம் அதோடேயே மல்லுக்கட்டினார். மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஜெபக்குறிப்பு நேரத்தில் இப்படிச் சொன்னார்: "தம்பிகிட்ட கேக்கப் போறேன். அவன் குடுக்கணும்னு ஜெபிக்காதீங்க. அவன் இல்லன்னு சொன்னா என் மூஞ்சி மாறக்கூடாது, அதுக்கு ஜெபிங்க."

துணைக்கு வரச் சொல்லி என்னையும் கேட்டார். லீலாக்காவும் அவரும் நானும் ரயிலில் போனோம். யேசுதாஸ் வீட்டில் டீ குடித்து முடித்ததும், சுற்றி வளைக்காமல் கேட்டார்: "தாசு, டாக்டர் உன் கிட்னி பொருந்தலாம்னு சொல்றாரு. கேக்கறது என் வேலை, கேட்டுட்டேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. நாம அண்ணன் தம்பிதான்." யேசுதாஸ் தன் மனைவியைப் பார்த்தார், பிள்ளைகளின் பள்ளிப் பைகளைப் பார்த்தார். "பயமா இருக்குதுண்ணா. என்னால முடியாது," என்றார்.

முகம் மாறவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். மாறியது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து, "இன்னா கொழம்பு? பசிக்குது," என்று தம்பியின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திரும்பி வரும் ரயிலில், "வலிக்குது சிஸ்டர். ஆனா அவன்மேல வலிக்கல," என்றார். அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் அத்தோடு விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தம்பிக்குப் போன் போடுவார். போட்டு எதையாவது கேட்பார். வாசல் கேட்டுக்கு பெயின்ட் அடிக்க வா, ஃபேன் சத்தம் போடுது வந்து பாரு, எனக்கு முதுகு தேச்சுவிட ஆளில்ல வா. மெயின்டெனன்ஸ் ஃபிட்டர் வீட்டு ஃபேனைப் பார்க்கத் தங்கவயலிலிருந்து ஆள் வர வேண்டுமா என்று கிண்டல் செய்தேன். "அவன் ஒரு தபா இல்லன்னுட்டான். அந்த இல்லையோடயே அவன் உக்காந்துரக்கூடாது. எங்கிட்ட ஆமான்னு சொல்ல அவனுக்கு ஏதாச்சும் வேணும்," என்றார். அந்த வீட்டு கேட் மூன்று நிறம் மாறியது. யேசுதாஸ் ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை.

அடக்கத்தன்று யேசுதாஸ் கல்லறை மதிலோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். "குடுத்திருந்தா இருந்திருப்பாரா சிஸ்டர்?" என்று கேட்டார். தெரியாது என்றேன், எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் அண்ணன் இறப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்தாராம். "இன்னா கேட்டாரு?" என்றேன். "ஒண்ணும் கேக்கல. எல்லாம் செஞ்சி முடிச்சிட்டடா, உனக்கு இன்னா வேணும் கேளுன்னாரு. ஒண்ணும் வேணாண்ணா, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்." அதைச் சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதார். கொஞ்சம் அடங்கியபின், "எனக்காக ஜெபம் பண்ணுங்க சிஸ்டர். எனக்கு மன்னிப்பு வேணும்," என்றார். மண்ணைப் போட வந்தவர்களையெல்லாம் கைகாட்டிக் கூப்பிட்டேன். அங்கேயே அவரைச் சுற்றி நின்று ஜெபித்தோம்.

அற்புதராஜ் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பொறுமையை அல்ல, அது எனக்கு வராது. புருஷன் போனபின் தனியாக நின்று பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள் என்று என்னைப் பலர் புகழ்ந்திருக்கிறீர்கள். அந்தப் புகழை நான் சேலை முந்தானைபோல இழுத்துச் சொருகிக்கொண்டே நடந்திருக்கிறேன். இனி வேண்டாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று, வாய்விட்டுக் கேட்கும் அந்தத் துணிச்சல். அதைத் தள்ளிப்போடாமல் இங்கேயே ஆரம்பிக்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை எனக்குக் கண்ணில் ஆபரேஷன். மகன் ஊரில் இல்லை, அவனிடமும் சொல்லவில்லை, இன்று சொல்லிவிடுவேன். தனியாக ஆட்டோவில் போய் வந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கூட யாராவது வர வேண்டும். உங்களில் யார் வருகிறீர்கள்?