எல்லோருக்கும் திறந்துவிட்ட ஃபோல்டர்

1. திங்கட்கிழமை காலை

வலியசாலையில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி ஏழே முக்கால். ஐ.டி. அறையின் மூன்று போன்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டிங் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லேப் முடிவுகள், ரத்த வங்கி இருப்பு, ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் என்று வார்டுகளுக்கு வேண்டிய பட்டியல்கள் எல்லாம் அந்த சர்வரிலிருந்துதான் போகும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அதைப் பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்கு மாற்றியிருந்தேன். ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்று மெயில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

முதல் போன் ரத்த வங்கியிலிருந்து.

"கோமதி சேச்சி, ஸ்டாக் ரிப்போர்ட் ஓப்பன் ஆகலையே. பெர்மிஷன் இல்லைன்னு காட்டுது, கேட்டோ."

என் கம்ப்யூட்டரில் அதே ரிப்போர்ட்டைத் திறந்தேன். உடனே திறந்தது.

"எனக்கு ஓப்பன் ஆகுதே" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். நான் அட்மின். எனக்கு எந்தக் கதவும் பூட்டாது. ஞாயிற்றுக்கிழமை நான் சோதித்ததெல்லாம் எனக்குத் திறக்கிறதா என்பதைத்தான். வார்டுக்குத் திறக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

காரணம் பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. ரிப்போர்ட்டுகளை ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் ஒரு சின்ன நிரல், கொண்டுவந்து சேர்த்திருந்தது. யார் யாருக்கு எந்த ஃபோல்டர் என்ற அனுமதிகளை இன்னொரு ஸ்கிரிப்ட் போட வேண்டும். அதில் இருந்ததெல்லாம் பழைய மெஷினின் குரூப் பெயர்கள். புது மெஷினில் அந்தக் குரூப்புகளே இல்லை. ஒரு அனுமதியும் ஏறவில்லை. ஸ்கிரிப்ட் மட்டும் கடைசி வரியில் 'முடிந்தது' என்று எழுதியிருந்தது. நானும் கடைசி வரியைத்தான் படித்திருந்தேன்.

சரிசெய்ய வேண்டுமென்றால் குரூப்புகளைப் புதிதாக உண்டாக்கி, ஆட்களைச் சேர்த்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் போட வேண்டும். இரண்டு நாள் வேலை. ஆனால் தியேட்டரிலிருந்து போன் வந்தது. எட்டரைக்கு முதல் கேஸ். ரத்தம் எத்தனை யூனிட் இருக்கிறது என்று தெரியாமல் மயக்க மருந்து டாக்டர் தொடங்கமாட்டேன் என்கிறார். ரத்த வங்கியில் ஃப்ரிட்ஜைத் திறந்து கையால் எண்ணிக்கொண்டிருக்கிறார்களாம்.

மேனேஜர் ஹரிகுமார் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். என்னிடம் பேசும்போது அவர் மலையாளத்தையும் தமிழையும் கலந்துதான் பேசுவார்.

"கோமதி, ஹோம்லயே எல்லாருக்கும் பெர்மிஷன் கொடு. ஆபரேஷன் நடக்கட்டே. பின்னே நோக்காம், மத்ததைப் பிறகு பாக்கலாம்."

ஹோம் என்பது எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் தாய் ஃபோல்டர். அங்கே அனுமதி கொடுத்தால், தனிப் பூட்டு இல்லாத எல்லா ஃபோல்டருக்கும் அது இறங்கும். ஆஸ்பத்திரியில் லாகின் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் பார்க்கும் அனுமதியைக் கொடுத்து ஓகே அழுத்தினேன். ஐந்து நிமிஷத்தில் போன்கள் ஓய்ந்தன. ரகசியமான ஃபோல்டர்களுக்குத் தனிப் பூட்டு இருக்கிறதே, பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பூட்டுகளும் ஏறாமல் போன அதே ஸ்கிரிப்டில்தான் இருந்தன. அது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

2. சுகந்தி

மறுநாள் மதியம் குரூப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் மாடி வார்டு நர்ஸ் சுகந்தி கதவருகில் வந்து நின்றாள். மலைமேல் போனக்காடு டீ எஸ்டேட்டைச் சேர்ந்த தமிழ்ப் பெண். அப்பாவும் அம்மாவும் அங்கே இலை பறிக்கிறவர்கள். ஆள் கூட்டத்தில் என்னைச் சேச்சி என்பாள், தனியாக இருந்தால் அக்கா.

"அக்கா, ஸ்டாஃப் செக்கப் ரிசல்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல யார் வேணா பாக்கலாமா?"

"பாக்க முடியாதே. டாக்டர் உட்பட மூணு பேருக்குத்தான் அது. ஏன்?"

"எனக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க. இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல. இன்னிக்குக் காலைல ஹாஸ்டல்ல என்கூட இருக்கறவ பாயும் தலகாணியும் எடுத்துட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டா. என்னடீன்னு கேட்டா, உனக்கு டிபிதானேன்னு கேக்குறா." உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "எனக்கே தெரியாதுக்கா. அவளுக்கு எப்படித் தெரியும்?"

ஊழியர் மருத்துவப் பரிசோதனை ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தேன். மூன்று பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஹோமிலிருந்து இறங்கி வந்த ஒரே ஒரு வரி இருந்தது. எல்லோரும்.

முதலில் ஃபோல்டரைப் பூட்டினேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன். சுகந்தியின் பெயருக்கு எதிரே 'டி.பி. சந்தேகம், மறுபரிசோதனை தேவை' என்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். இருந்தாலும் வார்டு முழுக்கத் தெரிந்ததை அவளிடம் மட்டும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"சந்தேகம்னுதான் போட்டிருக்கு சுகந்தி. இன்னொரு டெஸ்ட் பண்ணணும். இப்பவே டாக்டர்கிட்ட போவோம். இது எல்லார் கண்ணுலயும் பட்டது என்னாலதான். நேத்து காலைல நான்தான் திறந்துவிட்டேன்."

அவள் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க வேணும்னு செய்யலக்கா. ஆனா செஞ்சது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

3. லாக்

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் எந்த லாகின், எப்போது திறந்தது என்று சர்வர் தன் லாக்கில் எழுதி வைக்கும். அவளை டாக்டரிடம் விட்டுவிட்டு வந்து அதை எடுத்தேன். பூட்டு இல்லாமல் கிடந்த நேரத்தில் அந்தப் பட்டியலை ஒன்பது தடவை திறந்திருக்கிறார்கள். மூன்று தடவை பார்க்க உரிமையுள்ளவர்கள்தான், ஆறு தடவை நர்ஸிங் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களிலிருந்து. அந்த லாகின்கள் ஷிப்டில் இருக்கும் எல்லோருக்கும் பொது. பார்த்தவர் யார் என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை. திறந்துவிட்டவர் யார் என்று மட்டும் சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

ஹரிகுமார் சாரிடம் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மைக்ரேஷனில் பெர்மிஷன் பிரச்சினை, சரிசெய்தாச்சுன்னு ரெண்டு வரி எழுது. அது மதி, அது போதும். லாக் யாரும் கேக்கப் போறதில்ல."

"அந்தப் பட்டியல்ல நாப்பத்திரெண்டு பேர் இருக்காங்க சார். அவங்களுக்குத் தெரியணுமே."

"கோமதி, என் பேரும் வரும், உன் பேரும் வரும். ஆலோசிச்சு செய்."

அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என் கணவர், "வேலை போயிடுமோ?" என்று கேட்டார். "தெரியலை. நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றேன். அவர் என் சாதத்தில் இன்னும் கொஞ்சம் மோர் விட்டார்.

புதன்கிழமை ஒரு முழுப் பக்கம் எழுதி, லாக்கையும் சேர்த்து, மெடிக்கல் சூப்பிரண்டு டாக்டரிடம் கொடுத்தேன். ஹரிகுமார் சார் சொன்னதையும் எழுதினேன், ஓகே அழுத்தியது நான் என்பதையும் எழுதினேன். அந்த அம்மா இரண்டு தடவை படித்தார்.

"அந்தக் குட்டிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் மேடம்."

"மத்தவங்களுக்கும் நான் கடிதம் கொடுக்கறேன். நீங்க போய் மிச்ச பூட்டையெல்லாம் பாருங்க."

எனக்கும் ஹரிகுமார் சாருக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பொது லாகின்களை நிறுத்தி, ஒவ்வொரு நர்ஸுக்கும் தனி லாகின் போட்டோம். சுகந்திக்கு மறுபரிசோதனையில் டி.பி. இல்லை என்று வந்தது. ஆனால் அடுத்த ரூமுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கேன்டீனில் சுகந்தி உட்காரும் மேஜையில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. சில மாதத்தில் அவள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கடைசி நாள் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். அதற்கு நான் தகுதியானவள்தானா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் மாற்றம் எதுவும் செய்தால், ஒரு வார்டு லாகினிலும், எந்த அனுமதியும் இல்லாத ஒரு சோதனை லாகினிலும் நுழைந்து, ஃபோல்டர் ஃபோல்டராகத் தட்டிப் பார்க்கிறேன். பிறகுதான் மெயில் போடுகிறேன். அவசரத்துக்கு அனுமதி கொடுத்தாலும் கேட்ட ஃபோல்டருக்கு மட்டும்தான்.

திறக்க வேண்டியது திறக்காவிட்டால் ஐந்து நிமிஷத்தில் மூன்று போன் அடிக்கும். திறக்கக் கூடாதது திறந்து கிடந்தால் ஒரு போனும் அடிக்காது. போன்கள் ஓய்ந்துவிட்டனவே என்று அந்தத் திங்கட்கிழமை நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நேரத்தில், யாரோ ஒருவர் அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்.