முதல் கம்பத்திலிருந்து ஓடியவர்

கைப்பேசியில் ‘ஏழுமலை டிரைவர்’ என்று பெயர் வந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், “கிளட்ச்சா, பிரேக்கா?” என்று கேட்டேன். நான்கு வருடங்களாக அவர் அழைப்பை நான் அப்படித்தான் எடுப்பேன். அவருக்கு இடது கால் கிளட்ச் கால், வலது கால் பிரேக் கால். எதில் அடிபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு கேள்வி போதும். நோய் வந்த பிறகும் அதை மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார். “நீ பாவமா மூஞ்ச வச்சிக்கினு எப்படி இருக்கீங்கன்னு கேட்டின்னா எனக்குப் பேஜாராயிடும் சார்.” அன்று காலை மறுமுனையில் இருந்தது அவர் மனைவி பச்சையம்மாள். “ரெண்டும் இல்ல சார். அவரு போயிட்டாரு” என்றார்.

நான் போனபோது, புது வேட்டிக்கு மேலே மஞ்சள் டீ-ஷர்ட் போட்டு அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த பங்காளிகளுக்கு அது பிடிக்கவில்லை. பச்சையம்மாள்தான் பிடிவாதமாகப் போட்டுவிட்டாராம். ஒரு பெரியவர் என் காதுபடவே, “இந்தப் பனியனுக்காக ஓடி ஓடித்தான் ஒடம்ப கெடுத்துக்கினான்” என்றார். வந்த கோபத்துக்கு அங்கேயே சண்டை போட்டிருப்பேன். இழவு வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். ஏழுமலையின் பேருந்தில் வந்தவர்களும், ஏரிக்கரையில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அந்தச் சட்டை அவர் உடம்பில் எப்படி ஏறியது என்று உங்களிடமாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

நான் செங்கல்பட்டில் இருபது வருடமாக பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வலி என்று வருகிறவர்களின் கையையும் காலையும் நீட்டச் சொல்லி மடக்கச் சொல்லி, சொன்னதைச் செய்யாதவர்களைத் திட்டுகிறவன். ஏழுமலை முதலில் வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இங்கிருந்து சிறுசேரிக்கு ஓர் ஐ.டி. அலுவலகத்தின் ஊழியர்களைப் பேருந்தில் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவது வேலை. ஒரு திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி மஞ்சள் டீ-ஷர்ட்டில் ஏறியிருக்கிறார்கள். மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓடினார்களாம், பேர் பதிந்தவர்களுக்கெல்லாம் சட்டையாம். “அடுத்த வருஷம் நீங்களும் வாங்கண்ணா” என்று ஒரு பெண் சொன்னாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளே விடியற்காலையில் கொளவாய் ஏரிக்கரைக்குப் போய், எடுத்த எடுப்பில் கண்மண் தெரியாமல் ஓடியிருக்கிறார். முந்நூறு அடி தாண்டியிருக்க மாட்டார், இடது கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது. ஆட்டோவில் வந்து இறங்கியவரைப் பரிசோதித்துவிட்டு, “முப்பது வருஷமா பஸ் ஓட்டறீங்களே, காலையில ஸ்டார்ட் பண்ணதும் நாலாவது கியர் போடுவீங்களா?” என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னா சார் இப்டி கேட்டுட்ட? நான் இன்னா நேத்து லைசென்ஸ் வாங்கினவனா? அஞ்சு நிமிசம் இன்ஜின ஓடவுட்டு, பிரேக்குக்கு ஏர் ஏறினப்புறம்தான் எடுப்பேன்” என்றவர், தன் காலைக் குனிந்து பார்த்தார். “அட சே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று அவருக்கு ஒரு பச்சை ரப்பர் பட்டை கொடுத்தேன். பாதத்தில் மாட்டி இழுத்துப் பயிற்சி செய்வதற்கு. சிறுசேரியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை காத்திருக்கும்போது மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், இல்லாவிட்டால் பின் இருக்கையில் தூங்குவார்கள். இவர் பட்டையை இருக்கையின் காலில் கட்டிவைத்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருப்பார். சொன்னதைச் செய்கிற நோயாளி என் தொழிலில் எவ்வளவு அபூர்வம் என்று இன்னொரு பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டால்தான் தெரியும்.

கால் ஆறியதும் ஏரிக்கரையின் மின்கம்பங்களை வைத்து ஒரு கணக்குச் சொன்னேன். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை மெதுவாக ஓட வேண்டும். அதற்கடுத்த கம்பம்வரை நடக்க வேண்டும். முதல் நாள் அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கம்பம் கூட்டலாம். பதினான்கு கம்பம்வரை வந்தார். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்தது. ஒரு மாதம் ஓய்வு.

மற்றவர்களாக இருந்தால் இந்த இடத்தில் பேரம் பேசுவார்கள். “நான்தான் பதினாலு கம்பம் ஓடினேனே சார், ஏழிலருந்து ஆரம்பிக்கறேனே” என்பார்கள். இவரும் கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஏழுமலையோ எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, “அப்ப மொதல் கம்பத்துலருந்து” என்றார். கோபமோ வருத்தமோ குரலில் இல்லை. எனக்கே ஆச்சரியமாகி, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். “இன்னா சார் வருத்தம்? நேத்து வண்டி எங்க பிரேக்டவுன் ஆனாலும், மறுநா செங்கல்பட்டுலருந்துதானே எடுக்கணும்?”

அதன் பிறகு குதிகால். பிறகு வலது முட்டி. ஒருமுறை கரையில் நாய் குறுக்கே வந்து கணுக்கால் பிசகி, பூசணிக்காய் மாதிரி வீக்கத்தோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் அவர் சிகிச்சைத் தாளில் ‘தொடக்க நிலை’ என்று எழுதுவேன். எட்டிப் பார்த்து, “நமக்கு பர்மனென்ட் போஸ்டிங் சார் இது” என்று சிரிப்பார். ஏரிக்கரையில் நடை போகிறவர்கள், “இன்னா அண்ணாத்த, இந்த மாசம் எந்தக் காலு?” என்று கிண்டல் செய்வார்கள். இவரும் நின்று, காலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்.

எனக்குத்தான் அதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். கல்லூரி நாட்களில் நான் மாவட்ட அளவில் ஓடியவன். முட்டியில் அடிபட்டு நின்றுபோனது. ஆறிய பிறகு, பழைய வேகம் வராதே, நாலு பேர் முன்னால் தத்தித் தத்தி எப்படி ஓடுவது என்று விட்டுவிட்டேன், தொப்பைதான் வளர்ந்தது. இதை ஒருநாள் ஏழுமலையிடம் உளறிவிட்டேன். “மெக்கானிக்கு சொந்த வண்டி என்னிக்கி சார் ஒயுங்கா ஸ்டார்ட் ஆயிருக்குது?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வா சார், கூட ஓடலாம். மொதல் கம்பத்துல நான் எப்பவும் இருப்பேன்” என்றார். நான் போகவில்லை.

கடற்கரை ஓட்டத்துக்கு மூன்று வருடம் பேர் பதிந்தார். முதல் வருடம் இரண்டு வாரம் முன்னால் பின்தொடை பிடித்துக்கொண்டது. போய் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாம் வருடம் பாதி வழியில் முட்டி வீங்கி, பின்னால் வந்த வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சட்டை இரண்டு தடவையும் கிடைத்தது. “ஓடி முடிக்காம இத்தப் போட்டா அது களவாண்ட சட்டை சார்” என்று மடித்து பீரோவில் வைத்துவிட்டார். போட்டிருந்தாலும் அந்தப் பிள்ளைகள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்து கிலோமீட்டரை முடிப்பதும், அந்தச் சட்டையோடு ஒரு திங்கட்கிழமை வண்டி எடுப்பதும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

மூன்றாம் வருடம் நான் முடிவிடத்தில் முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வந்து, நாஸ்தா சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஏழுமலை வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. முடிவுக்கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவைச் சாய்த்துக் காற்றைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிவரும் பாதையில் திரும்பிப் போனேன். சவுக்குத் தோப்பு ஓரமாக, ஒரு கம்பம் ஓடுவதும் ஒரு கம்பம் நடப்பதுமாக வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கடைசி ஆளோடு வர வேண்டிய வேன் ஊர்ந்துகொண்டிருந்தது. வேன்காரப் பையன் சலிப்போடு, “ஏறிக்க பெர்சு, எல்லாம் முடிஞ்சிடுச்சி” என்றான். இவர் திரும்பிப் பார்த்து, மூச்சிரைக்க, “நைனா, இவ்ளோ நேரம் பர்ஸ்ட் கியர்ல ஆஃப் கிளட்ச்சுல வந்தின்னா கிளட்ச் பிளேட்டு தேஞ்சிடும். நீ முன்னால போயி நில்லு, நான் வந்துகினே கீறேன்” என்றார். பையன் திகைத்துப் போனான். அதன் பிறகு ஏறச் சொல்லவில்லை. முன்னால் போய் நிற்பான், இவர் வந்து சேர்ந்ததும் மறுபடி முன்னால் போவான்.

கடைசித் திருப்பத்தில், வளைவை மடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அந்தப் பையன்தான் கத்தினான்: “டேய், கீழ விரிங்கடா, ஒரு ஆளு வந்துகினு கீறாரு!” அவர்களும் என்ன நினைத்தார்களோ, காற்றுப் போன வளைவைச் சாலைக்குக் குறுக்கே விரித்துவிட்டார்கள். பெரிய பெரிய எழுத்துகள் தரையில் கிடந்தன. ஏழுமலை ஓடிவந்தவர், அதற்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார். “என்னாச்சு, வாங்க!” என்று நான் அலறினேன். “எழுத்து கீது சார். ஷூ காலோட எப்படி மிதிக்கறது?” அந்த வெயிலில், தார்ச் சாலையில் உட்கார்ந்து, நாடாவை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு அதன் மேல் ஓடி முடித்தார். வேன்காரப் பையன் ஹாரனை விடாமல் அடித்தான். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். திங்கட்கிழமை அந்தச் சட்டையோடு வண்டி எடுத்தார். பேருந்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று, முதலில் அவரைக் கூப்பிட்ட அந்தப் பெண் பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்து முதுகுவலி என்று வந்தார். “கிளட்ச்சும் இல்ல, பிரேக்கும் இல்ல சார். ஓட்டத்துல வர்ற வலியெல்லாம் எனக்குப் பழக்கம், பேரு சொல்லிக் கூப்பிடுவேன். இது அசலூரு ஆளு. ஒக்காந்தா வருது, படுத்தா வருது. ஓடறப்ப மட்டும் வரல” என்றார். இன்னொரு காயம் என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு வாரத்துக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்து அதையே மறுபடி சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. ஸ்கேனுக்கு அனுப்பினேன். கணையத்தில் புற்றுநோய். அந்த இரண்டு வாரத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். நான் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஓட்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் அந்த மருத்துவரே சொன்னார். பங்காளிகள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். நான் மன்னிப்புக் கேட்டபோது ஏழுமலை, “ஓடலைன்னா எல்லா வலியும் வயசுன்னு உட்டிருப்பேன் சார். ஓடினதாலதான் இது நம்ம வலி இல்லன்னு தெரிஞ்சிது” என்றார்.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் தெருவில். எலும்பும் தோலுமாக, பச்சையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து எதிர்க் கம்பம்வரை நடந்தார். போய்ச் சேர ரொம்ப நேரமாயிற்று. கம்பத்தைத் தட்டிவிட்டு, “தொட்டுட்டேன் சார். நாளைக்கி மறுபடியும் வாசல்லருந்து” என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், யாரிடமும் சொல்லாமல் ஏரிக்கரைக்குப் போனேன். முதல் கம்பத்தடியில் நின்றதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாராவது பார்த்துவிடுவார்களே என்று ஓட ஆரம்பித்தேன். உடம்பைச் சூடாக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவன், எடுத்த எடுப்பில் நாலாவது கியர். மூன்றாவது கம்பம் வருவதற்குள் இடது கெண்டைக்காலில் சுளீரென்றது.

அந்த வாரமே பச்சையம்மாள் கிளினிக்குக்கு வந்தார். கையில் அந்தப் பச்சை ரப்பர் பட்டை. “உங்க பொருளு சார், குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.” நாற்காலி எடுத்துப் போட எழுந்தேன். நான் நொண்டியதைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“கிளட்ச்சா, பிரேக்கா?” என்றார்.

“கிளட்ச்மா” என்றேன்.

“அப்ப இது உங்களுக்குத்தான் வோணும்” என்று பட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஏழுமலையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். ஒரு நுனியில் அவர் போட்ட முடிச்சு இருக்கிறது, லாரியில் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் போடுவது. அதை அவிழ்க்காமல் மேசைக்காலில் மாட்டித் தினமும் இழுக்கிறேன். வருகிற திங்கட்கிழமையோடு, அடிபட்டு மூன்று வாரம் முடிகிறது. மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில்தானே விட்டோம், அங்கிருந்து தொடங்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இல்லை, முதல் கம்பத்திலிருந்துதான்.