ஏழு வாரம் கொடுத்த சூப்

என் கணவர் கரண்ட் ஆபீஸில் வயர்மேன். சின்னமனூரைச் சுற்றி அவர் ஏறாத கம்பம் இல்லை. முப்பத்தொன்பது வயதில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. எண்பதுகளின் நடுப்பகுதி அது. டயாலிசிஸ் மெஷினுக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். திங்களும் வியாழனும் முதல் பஸ்ஸில் போவோம். பொழுது சாயத் திரும்புவோம்.

முதல் வருடம் முழுக்க ஊசி குத்துகிற இடத்தைப் பற்றியும், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கலாம் என்பதைப் பற்றியுமே பேசினோம். எலும்பை யாரும் நினைக்கவில்லை. இரண்டாம் வருடம் குதிகால் வலிக்கிறது என்றார். அப்புறம் இடுப்பு, பிறகு விலா. உடம்பெல்லாம் அரிப்பு வேறு. முதுகுக்குக் கை எட்டாமல் என் மரச்சீப்பை வாங்கிச் சொறிந்துகொள்வார். பனியனில் ரத்தம் கோடு கோடாக ஒட்டியிருக்கும். அவருடைய காக்கி பேண்ட் தரையில் இழுபட ஆரம்பித்தபோது, ஆள் மெலிந்து துணி இறங்குகிறது என்று நினைத்து மடித்துத் தைத்தேன். முதுகெலும்பு நசுங்கி உயரமே குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அந்த டாக்டர் பொறுமையானவர். எனக்கு விளங்கும்படி சொன்னார். நாம் சாப்பிடுவதில் பாஸ்பரஸ் என்று ஒன்று இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளிவிடும். மெஷினால் முழுக்க எடுக்க முடியாது. அது ரத்தத்தில் சேரச் சேர கால்சியம் குறையும். குறைந்ததை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். அதனால் பால், தயிர், பருப்பு, கருவாடு எல்லாம் குறைக்க வேண்டும். எலும்புச் சாறு கூடவே கூடாது. பாஸ்பரஸ் ரத்தத்தில் சேராமல் இருக்க, சாப்பாட்டோடு சுண்ணாம்பு போன்ற ஒரு மாத்திரையும் ஒரு வெள்ளை மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

கேட்டுக்கொண்டேன். ஆனால் எலும்பு வலிக்கிற ஆளுக்குப் பாலைக் கொடுக்காதே என்பதை என் மனசு ஏற்கவில்லை.

அப்பா வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் வந்தவர், மருமகன் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைக்குப் போவதைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் ஆட்டுக்கால் கொண்டுவந்தார்.

“டாக்டரு படிச்சவுகதான் ஆத்தா. இல்லேங்கல. ஆனா எலும்பு நோகுறவருக்கு எலும்புச் சாறு குடுக்காம வேற என்னத்தக் குடுப்ப?”

பையை வாங்கிக்கொண்டேன். ஒன்றும் செய்யாமல் அவர் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு சூப் வைப்பது எவ்வளவோ மேலாக இருந்தது. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, கால் கரையும்வரை வேகவைத்தேன். டாக்டர் வேண்டாம் என்றாரே என்று என் கணவர் தயங்கினார். நான் பார்த்துக்கொள்கிறேன், குடியுங்கள் என்றேன். குடித்தார்.

பத்து நாளில் வலி கொஞ்சம் தேவலை என்றார். நம்பினேன். வெள்ளை மருந்து மலத்தைக் கட்டுகிறது என்றார். பாதி குடித்தால் போதும் என்று நானே சொன்னேன். ஏழு வாரம் கொடுத்தேன். அன்றைக்குக் குடிக்கலாம் என்று சொன்ன தண்ணீரில் மட்டும் சூப்பின் அளவைக் கழித்துவிடுவேன். அந்த ஒன்றில் டாக்டர் சொல் கேட்டேன்.

அரிப்பு கூடியது. கண் சிவந்தது. ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறும்போது அவரால் படிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. எப்போதும்போல அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினேன். என் உள்ளங்கைக்குள் படக்கென்று ஏதோ முறிந்தது. அவர் கத்தவில்லை. முகமெல்லாம் வியர்த்தது.

“கைய எடுத்துராத. விழுந்துருவேன்.”

அப்படியே ஏற்றி உட்காரவைத்தேன். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று மூன்று மணி நேரம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“நாந்தான் சார் ஆசைப்பட்டு ஆட்டுக்கால் சூப்பு கேட்டேன். அவ வேணாம்னுதான் சொன்னா” என்றார் என் கணவர்.

திங்கட்கிழமை அவர் மெஷினில் இருந்த நேரத்தில் டாக்டர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இரண்டு வருடமாகவே எலும்பு அரிபட்டுவந்தது, நீ அதை அவசரப்படுத்திவிட்டாய், அவ்வளவுதான் என்றார். பல வருடம் கழித்துத் தேனியில் ஒரு நர்ஸ் மூலம் தெரிந்தது, அந்த வெள்ளை மருந்தை இப்போது அப்படிக் கொடுப்பதில்லையாம். அதிலிருந்த அலுமினியமும் எலும்பில் போய்ப் படியுமாம். நான் சொல் மீறிக் கொடுத்ததும் சொல் கேட்டுக் கொடுத்ததும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இல்லை.

அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. “சூப்பக் கொஞ்சம் முந்தியே ஆரம்பிச்சிருக்கணும் ஆத்தா” என்று வருத்தப்பட்டார். ஆமாம்ப்பா என்றேன்.

அதன்பிறகு என் கணவரைத் தொடுவதையே குறைத்துக்கொண்டேன். சட்டை மாட்டிவிடக்கூட விரல்நுனியால்தான் தொட்டேன். அவர் கவனித்துவிட்டார்.

“என்னையத் தொடப் பயப்படுற.”

“ஆமா.”

“ஒடஞ்சா ஒடயட்டும். நீ தள்ளி நிக்கிறதத்தான் தாங்க முடியல.”

பங்குனியில் ஒரு நாள் கட்டிலில் புரண்டு படுத்தபோது இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் பஸ் இல்லை. இரண்டு முறை வாடகைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். மூன்றாம் முறை கார் வாசலில் வந்து நின்றபோது, இனி வேண்டாம் என்றார். நான் கெஞ்சினேன். காலைப் பிடித்து அழுதேன். டிரைவரைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். கடைசி இரண்டு நாள் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. நெஞ்சைத் தடவிக் கொடுத்தேன், பயப்படாமல், முழுக் கையாலும். குளிப்பாட்ட வந்தவர்கள் உடலைத் தூக்கியபோது, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்கு இனி வலிக்காதும்மா என்று யாரோ சொன்னார்கள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.