கையைத் தூக்கினால் நிற்க வேண்டும்

வெள்ளைக் கையுறை மாட்டிய ஒரு கை தலைக்கு மேலே உயர்ந்து, ஐந்து விரலும் விரிந்து நிற்கிறது. என் வேலைக்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தக் கைதான். பாயான் லெப்பாசில் கணினிச் சில்லு செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். தூசியே கூடாத கிளீன் ரூமுக்குள் போகும்போது தலை முதல் பாதம்வரை வெள்ளை அங்கி, தலைமூடி, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். எந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்கள் உற்பத்தி லைனில் ஒரு வழக்கம் இருந்தது. யார் கையைத் தூக்கினாலும் எந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவள் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற விசாரணையெல்லாம் நின்ற பிறகுதான்.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் லைன் அக்கா. லைனுக்குத் தலைவி என்பதால் அந்தப் பெயர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வருவதற்கு முன்பு ஒரு புதுப் பெண்ணின் கையுறை பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. அவள் மறு கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறாள், எந்திரத்தில் நின்றவள் ‘என்ன?’ என்று கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டு முடிப்பதற்குள் இரண்டு நகம் பெயர்ந்துவிட்டது. அக்கா பொறுப்புக்கு வந்த முதல் வாரமே சூப்பர்வைசரின் மேசை முன்னால் போய் நின்றுவிட்டார். சும்மா சும்மா நிறுத்தினால் உற்பத்தி என்ன ஆவது என்று அந்த மனுஷன் குதித்தான். “தப்பா நிப்பாட்டினா என்னைத் திட்டுங்க சார். அந்தப் பிள்ளைங்கள திட்டாதீங்க” என்றார் அக்கா. எங்களிடம் வந்து ஒரே வரியில் முடித்தார்: “மொத நிப்பாட்டு, அப்புறம் கேளு.” அதற்குப் பிறகு எங்கள் லைனில் யாருக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

இப்படிப்பட்ட மனுஷிக்குப் பல் டாக்டர் என்றால் உயிர் போய்விடும். இது எங்களுக்கு வெகு நாள் தெரியாது. தெரிந்துகொள்ள முடியாமல் செய்தது அந்த முகமூடிதான். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்க ஆரம்பித்தபோது, பத்து மணி நேரம் முகமூடிக்குள் வேலை செய்கிறவரின் கன்னத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? சாப்பாட்டு வேளையில் தனியாகப் போய் உட்கார்ந்தார். டயட் என்றார், நம்பினோம். கடைசியில் காட்டிக்கொடுத்தது கிராம்புத் தைலம். கிளீன் ரூமில் பவுடர், தைலம், சென்ட் எதுவும் கூடாது. அடுத்தவள் பவுடர் போட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிற அக்காவின் முகமூடிக்குள்ளிருந்து ஒரு நாள் கிராம்பு வாசம் வந்தது. நான் அவரைத் தனியே இழுத்துப் போய் முகமூடியை இறக்கிப் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் பளபளவென்று வீங்கி, கண்ணின் கீழ்வரை ஏறியிருந்தது.

விஷயம் வெளியே தெரிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். “மூணு பிள்ள பெத்தவளுக்கு ஒரு பல்லு புடுங்கப் பயமா?” இந்த வாக்கியத்தை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. பிள்ளை பெற்றவள் என்றால் அதற்குப் பிறகு எந்த வலியைப் பற்றியும் பேச அவளுக்கு உரிமை இல்லையா? ஒரு பெரிய வலியைத் தாங்கினால் மற்ற வலியெல்லாம் இலவசமா? பிரசவ அறையில் கத்தினால் ஆறுதல் சொல்கிற இதே ஊர், பல் டாக்டரிடம் கை நடுங்கினால் சிரிக்கிறது. பல் வலிக்கிறவளிடம் போய், “பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கோ” என்று புத்தி சொன்ன புண்ணியவதியும் அந்த பஸ்ஸில் இருந்தாள். நானும் சிரித்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் கேண்டீனில் அக்கா என்னை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எட்டு வயதில் பல்வலி வந்தது. அப்பா அவரைத் தோட்டத்து மருந்தகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே டாக்டர் இல்லை; காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரசர்தான் எல்லாம். “சும்மா பாக்கத்தான் பாப்பா, ஒண்ணும் செய்ய மாட்டாங்க” என்று அப்பா சொல்லிச் சொல்லித்தான் கூட்டிப் போனாராம். பெஞ்சில் படுக்க வைத்ததும் அதே அப்பா காலைப் பிடித்துக்கொண்டார். டிரசர் குறடை எடுத்தார். “வலிச்சது மறந்துபோச்சுடி. காலைப் புடிச்சாரு பாரு, அந்தக் கைதான் மறக்கல” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, வீங்காத பக்கத்தால் கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எல்லாம் புரிந்தவள்போலத் தலையை வேறு ஆட்டினேன்.

இவ்வளவும் கேட்ட பிறகு நான் செய்த காரியத்தைப் பாருங்கள். அந்த வாரக் கடைசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவர் கணவர் எனக்குப் போன் செய்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். “நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா தங்கச்சி. நீ சொன்னா கேப்பா. எப்படியாச்சும் கூட்டிக்கிட்டுப் போயிடு, சீழ் உடம்புல எறங்கிட்டா என்ன செய்றது?” அவர் குரலே உடைந்துபோயிருந்தது. பயம் நியாயமானதுதான். அந்தப் பல் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் ஆள் ஆபத்து. அதில் எனக்கு இன்றும் மறுபேச்சில்லை. ஆனால் நிஜத்தைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் வரவில்லை. “நிஜத்தைச் சொன்னா வருவாங்களாண்ணே?” என்று கேட்டவளே நான்தான்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அவர் வீட்டுக்குப் போய், கட்டிலருகே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “சும்மா பாக்கத்தாங்கா. மருந்து மட்டும் குடுப்பாங்க.” அதே வார்த்தை. வேறு வார்த்தையே தமிழில் இல்லாததுபோல அதே வார்த்தை என் வாயில் வந்தது. அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “நெசமா?” என்றார். “நெசமாங்கா” என்றேன். எழுந்து சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்த கிளினிக். சுவர் முழுக்க முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற படங்கள். அக்கா நாற்காலியில் சாய்ந்ததும், அவர் தலைக்குப் பின்னால் நின்று நான் டாக்டருக்கு விரலால் ஜாடை காட்டினேன்: எடுத்துவிடுங்கள். டாக்டருக்கு அவசரம்; வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஊசி போட்டார். போட்ட இடம் மரத்ததா என்று கேட்கவில்லை. வீக்கத்தில் சீழ் இருக்கும்போது ஊசி சரியாகப் பிடிக்காது என்பதைப் பல் டாக்டருக்கு நானா சொல்லித்தர வேண்டும்? குறடைக் கண்டதும் அக்காவின் கண்கள் பெரிதாகின. முகமூடிக்கு மேலே வருடக்கணக்காக நான் படித்த கண்கள் அவை. கோபம், களைப்பு, கேலி எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பார்வையை மட்டும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போது அக்கா இடது கையைத் தூக்கினார். ஐந்து விரலும் விரிந்து, தலைக்கு மேலே, லைனில் தூக்குவதுபோலவே. அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சிக்கிட் லாகி, சிக்கிட் லாகி” என்று இன்னும் கொஞ்சம்தான் என்பதை மலாயில் சொல்லிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். நான் என்ன செய்தேன்? அந்தக் கையை எட்டிப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்து, கீழே இறக்கி, அவர் வயிற்றின்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். “ஆச்சுக்கா, ஆச்சு” என்றேன். பல் வந்துவிட்டது.

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. வீக்கம் ஒரு வாரத்தில். அண்ணன் எனக்குப் பழம் வாங்கிவந்து கொடுத்தார். பஸ்ஸில் எல்லாரும் கெட்டிக்காரி என்றார்கள். டாக்டர் கொடுத்த எம்.சி. லீவு முடிந்து அக்கா வேலைக்கு வந்தார், எப்போதும்போல லைனை நடத்தினார், என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார். அழவில்லை, சண்டை போடவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்காக அவர் பை வைத்துப் பிடித்துவைக்கிற இடத்தில் அடுத்த நாளிலிருந்து வேறு ஒருத்தி உட்கார்ந்தாள். அது முதல் ஒரு வருடம், லைனையே வேறு நாட்டுக்கு மாற்றி எங்களை வீட்டுக்கு அனுப்பும்வரை, அப்படியேதான்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த டாக்டர்மேல் ஆத்திரம். காலைப் பிடித்த அந்த அப்பாமேல் ஆத்திரம். பாவம், அவருக்கும் வேறு வழி தெரிந்திருக்காது, ஆனாலும் ஆத்திரம்தான். ‘வலிக்காது’ என்ற சொல்லைப் பல் பிடுங்கும் அறைகளில் தடை செய்ய வேண்டும். வலிக்கும் என்றால் மனுஷன் தயாராவான். வலிக்காது என்று சொல்லி வலிக்கவைத்தால் அவன் அடுத்த முறை யாரை நம்புவான்? நன்மைக்குத்தானே செய்தாய் என்று என்னைத் தேற்றாதவர்கள் இல்லை. நன்மைதான். அந்த நன்மையை அக்காவிடம் கேட்டுச் செய்திருக்கலாம். ஒரு தட்டு சில்லு கெட்டுப்போகக் கூடாது என்றுகூட எந்திரத்தை நிறுத்துகிற நாங்கள், ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கியபோது நிறுத்தவில்லை. எந்திரத்துக்குக் கிடைத்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நான் உடந்தை.

போன வருடம் ஆயர் ஈத்தாம் காய்கறிப் பசாரில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நல்லா இருக்கியா, மகள் என்ன செய்யுறா என்று கேட்டார். கீரைக்காரர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதற்குச் சிரித்தபோது, இடது கையால் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். போன மாதம் எனக்கு வந்தது. அதே கீழ்க் கடைவாய், அதே இடம். மூன்று வாரம் கிராம்புத் தைலத்தில் ஓட்டினேன். “சும்மா எக்ஸ்ரே மட்டும் எடுப்பாங்கம்மா, வாங்க” என்று மகள் காரில் ஏற்றினாள். பாலத்துப் பக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது அவளுடைய போனில் கிளினிக்கிலிருந்து செய்தி வந்தது. பல் எடுப்பதற்கு நேரம் குறித்திருக்கிறது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

“காரைத் திருப்பு” என்றேன்.

“அம்மா, நெசத்த சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?”

இந்தக் கேள்வியை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. “சொல்லிப் பாத்திருக்கலாம்ல? வர்றதும் வராததும் என் இஷ்டம்னு விட்டிருக்கலாம்ல?” என்றேன். அவள் போனைக் கவிழ்த்துவைத்தாள். பிறகு மெதுவாக, “சரிம்மா, இப்பக் கேக்கறேன். போலாமா, திரும்பலாமா?” என்றாள். நான் ரொம்ப நேரம் முன்னாலிருந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகலாம் என்றேன். பயம் போனதால் சொல்லவில்லை.

டாக்டர் சின்னப் பெண், மகள் வயதுதான் இருக்கும். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. “ஆண்ட்டி, ஊசி குத்தும்போது வலிக்கும், பத்து எண்ணுற நேரம். வீக்கம் இல்லாததால மருந்து நல்லாப் புடிக்கும். புடிச்சிருச்சான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன். பல்லு அசையுற சத்தம் கேக்கும், அழுத்துற மாதிரி இருக்கும். எப்ப வேணாலும் இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடுவேன்.” இவ்வளவுதானே. அரை நிமிடம்கூட ஆகவில்லை இதைச் சொல்ல. இந்த அரை நிமிடத்தை அன்றைக்கு அந்த மாடி அறையில் ஒருவரும் அக்காவுக்குக் கொடுக்கவில்லை.

ஊசி வலித்தது, அவர் சொன்னபடியே. பத்து எண்ணினேன். மரத்துப்போனதைச் சோதித்தார். குறடு உள்ளே போனது, கடகடவென்று ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்டது. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் இடது கை தானாக உயர்ந்தது. தலைக்கு மேலே, ஐந்து விரலும் விரிந்து.

குறடு உடனே வெளியே வந்தது. டாக்டர் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார். அறையில் யாரும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் கேட்டார்: “வலிக்குதா ஆண்ட்டி?”

“இல்ல டாக்டர்” என்றேன் பாதி மரத்த வாயால். “நிக்குதான்னு பாத்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டேன். பிறகு நானே கையைக் கீழே இறக்கினேன்.